பகாப்பதத்திலிருந்து பகுபதத்துக்கு: மொழி துண்டுகளாகப் பிரிந்த விதத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கென்யாவின் அம்போசெலிப் பகுதியில் வாழும் வெர்வெட் குரங்குகள் சிறுத்தையைக் கண்டால் ஒரு குரல் கொடுக்கும், கழுகைக் கண்டால் வேறு குரல், பாம்பைக் கண்டால் இன்னொரு குரல். செய்ஃபார்த், செனி, மார்லர் என்ற ஆய்வாளர்கள் இந்தக் குரல்களைப் பதிவு செய்து, ஆபத்து எதுவும் இல்லாத நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டார்கள். 1980-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறுத்தைக் குரல் கேட்டதும் குரங்குகள் மரத்தில் ஏறின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன. பாம்புக் குரலுக்குத் தரையை உற்றுப் பார்த்தன. குரலே செய்தி. ஆனால் அந்தக் குரலை உடைத்து, பாதியை எடுத்து வேறொன்றோடு ஒட்டி, 'சின்னப் பாம்பு' என்றோ 'போய்விட்ட பாம்பு' என்றோ சொல்ல வழியில்லை.

நாம் 'வந்தான்' என்கிறோம். பள்ளியில் அதையே பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, விகுதி என்று பிரித்து எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். கடைசியில் உள்ள 'ஆன்' மட்டும் மாறினால் வந்தவள் பெண். நன்னூல் இப்படிப் பிரிவதைப் பகுபதம் என்றும், பிரியாததைப் பகாப்பதம் என்றும் சொல்கிறது. இந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் அகலப்படுத்திக் கடன் வாங்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத முழு ஒலி இருந்தால் அது பகாப்பத மொழி. பொருளின் துண்டுக்கும் சொல்லின் துண்டுக்கும் பொருத்தம் இருந்தால் அது பகுபத மொழி. இலக்கண ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது எப்படி இரண்டாவதாக மாறியிருக்கும்? பேச்சு புதைபடிவமாகக் கிடைப்பதில்லை. பாரிஸ் மொழியியல் சங்கம் 1866-இல் தன் விதிகளிலேயே 'மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகள் ஏற்கப்படா' என்று எழுதி வைத்தது. அந்த அளவுக்கு ஆளாளுக்குக் கதை விட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று நம்மிடம் கணினி இருக்கிறது. 'இப்படித்தான் நடந்தது' என்று நிரூபிக்க அதனால் முடியாது. 'இன்னின்ன இருந்தால் போதும், இது தானாக நடக்கும்' என்று காட்ட முடியும். இந்த வழிகாட்டியின் எல்லை அவ்வளவுதான்.

நாம் கட்டப்போவது 'தலைமுறைக் கற்றல் மாதிரி'. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சைமன் கர்பி, ஜிம் ஹர்ஃபோர்டு முதலானோர் 1990-களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்த முறை இது. கர்பி 2001-இல் வெளியிட்ட மாதிரியின் எலும்புக்கூட்டைத்தான் எளிமையாக்கிக் கீழே தருகிறேன். பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். தெரியாவிட்டால் அட்டை, பேனா, நான்கைந்து பொறுமைசாலிகள் போதும்.

முதலில் ஒரு முடிவு: எந்தப் பரிணாமம்?

இந்தத் துறையில் இரண்டு பெரிய பாதைகள். ஒன்று, உயிரியல் வழி: நன்றாகப் பேசியவனுக்கு அதிகப் பிள்ளைகள், பிள்ளைகளுக்கும் அதே திறமை. மார்ட்டின் நோவாக், பிளாட்கின், ஜான்சன் மூவரும் 2000-இல் இந்த வழியில் ஒரு கணக்குப் போட்டார்கள். சொல்ல வேண்டிய விஷயங்களின் எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டினால்தான் பகுத்துப் பேசுவது லாபம், அதற்குக் கீழே முழு ஒலியே மேல் என்று வந்தது. மூன்றே ஆபத்துகள் உள்ள குரங்குக்கு இலக்கணம் வீண் செலவு.

இரண்டாவது, பண்பாட்டு வழி. மூளை மாறுவதில்லை, யாரும் சாவதில்லை, யாருக்கும் பரிசு இல்லை. ஒருவர் பேசுவதை அடுத்தவர் கேட்டுக் கற்கிறார், அவர் பேசுவதை அதற்கடுத்தவர் கற்கிறார். மாறுவது மொழி மட்டுமே. நாம் இந்த வழியில் போகிறோம். காரணம் எளிது: இங்கே போடும் அனுமானங்கள் குறைவு. குறைவாகப் போட்டு நிறைய எடுத்தால்தான் மாதிரிக்கு மரியாதை.

படி 1: பொருள்களை அடுக்குங்கள்

ஐந்து நிறம், ஐந்து வடிவம். ஆக 25 பொருள்கள். ஒவ்வொன்றும் ஓர் எண் இணை: (0,0) என்றால் சிவப்பு வட்டம், (0,1) என்றால் சிவப்புச் சதுரம், இப்படி (4,4) வரை. அட்டையில் விளையாடுபவர்கள் மூன்றுக்கு மூன்று, ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கேயே ஒரு விஷயத்தை நோட்டில் எழுதி வையுங்கள்: பொருள்களுக்கு நாம் ஏற்கெனவே ஓர் அமைப்பைக் கொடுத்துவிட்டோம். நிறம் வேறு, வடிவம் வேறு என்று இந்த உலகம் முன்பே பிரிந்து கிடக்கிறது. மொழியில் அமைப்பு வரும்போது 'ஆகா, எங்கிருந்தோ வந்தது' என்று துள்ளக் கூடாது. பாதி இங்கிருந்து வந்தது. கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

படி 2: ஒலிகள்

பத்து உயிர்மெய் எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள்: மி, கா, து, லோ, பெ, நி, ச, ரு, தை, வா. இவற்றை இரண்டு முதல் நான்கு வரை கண்ணை மூடிக்கொண்டு கோத்தால் ஒரு சொல். 25 பொருள்களுக்கும் இப்படி ஒவ்வொரு சொல் கொடுத்துவிட்டால் முதல் தலைமுறையின் மொழி தயார். சுத்தமான பகாப்பத மொழி.

எழுத்துகள் ஏன் பத்தே பத்து? தற்செயலான ஒற்றுமைகள் நமக்கு வேண்டும். அதைப் படி 3-இல் பார்ப்போம். நூறு எழுத்து வைத்துவிட்டு 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

கணினியில் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். 'மிகாது' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேட்டால் 6 என்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'மி' என்பது ம, அதன் பின் இகரக் குறி என்று இரண்டு குறியீடுகள். கா, து ஆகியவையும் அப்படியே. சொல்லை அப்படியே வெட்டும் நிரலை எழுதினால், என் 'கற்பவன்' வெறும் உகரக் கொக்கியை மட்டும் தனியே பிய்த்து எடுத்து, 'இதுதான் வட்டம்' என்று விதி எழுதிக்கொண்டான். ஒரு நிமிடம் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு என்றே நினைத்தேன். ஆகவே சொல்லைச் சரமாக வைக்காதீர்கள், எண்களின் பட்டியலாக வையுங்கள்: மி என்றால் 0, கா என்றால் 1, இப்படி. அச்சடிக்கும்போது மட்டும் எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், தற்செயலாக 'நிச', 'வாச' என்று பாதித் தமிழ்ச் சொற்கள் வந்துகொண்டே இருக்கும். கணினிக்குக் கவலையில்லை. அட்டை விளையாட்டில் மனிதர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள், அதனால் அப்படிப்பட்டவற்றைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

படி 3: கற்பவன்

மாதிரியின் இதயம் இது. கற்பவனுக்கு இரண்டு வேலை. கேட்டதை நினைவில் வைக்க வேண்டும். கேட்டவற்றுக்குள் ஒற்றுமை தெரிந்தால் பிரிக்க வேண்டும். ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் அவன் கேட்பது: சிவப்பு வட்டம், 'மிகாது'. நினைவில் போட்டுக்கொள்கிறான்.

அடுத்து: சிவப்புச் சதுரம், 'மிகாலோ'. இப்போது பழையதோடு ஒப்பிடுகிறான். பொருளில் ஒன்றே ஒன்று மாறியிருக்கிறது, வடிவம். சொல்லிலும் ஒரே இடம்தான் மாறியிருக்கிறது, கடைசி. முன்னால் 'மிகா' அப்படியே நிற்கிறது. எனவே எழுதுகிறான்: சிவப்பு என்றால் 'மிகா', அதன் பின்னால் வடிவத்துக்கான துண்டு. வட்டம் 'து', சதுரம் 'லோ'.

மூன்றாவது: நீல வட்டம், 'பெநிது'. வட்டம் 'து' என்று கையில் விதி இருக்கிறது. சொல்லும் 'து' என்றே முடிகிறது. அப்படியானால் மிச்சம் 'பெநி' நீலமாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது அவனிடம் நீலச் சதுரத்தைக் காட்டுங்கள். அந்தப் பொருளுக்கான சொல்லை அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. 'பெநிலோ' என்கிறான். அவன் ஆசிரியரின் மொழியில் நீலச் சதுரம் 'சருதை'யாக இருந்திருக்கலாம். அது போயிற்று. இனி அவனிடம் கற்கப்போகிறவனுக்கு நீலச் சதுரம் 'பெநிலோ'தான். யாரும் திட்டமிடவில்லை. ஆசிரியரின் மொழியில் 'து' இரண்டு வட்டங்களின் கடைசியில் வந்தது வெறும் தற்செயல். மாணவன் அதைத் தற்செயல் என்று நம்ப மறுத்தான், அவ்வளவே.

இப்படிப்பட்ட தற்செயல் அபூர்வமா? கணக்குப் போடுவோம். 25 பொருள்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 300 இணைகள். அவற்றில் நிறமோ வடிவமோ ஒன்றைப் பகிர்ந்துகொள்பவை 100. பத்தே எழுத்துகள் என்பதால், இரண்டு சொற்களின் கடைசி எழுத்து ஒத்துப்போக 10-இல் 1 வாய்ப்பு. முதல் எழுத்துக்கும் அதே. ஆக முழுக்க முழுக்கக் குருட்டாம்போக்கில் செய்த மொழியிலேயே ஏறத்தாழ இருபது விதைகள் கிடக்கின்றன. முளைக்க அது தாராளம்.

நிரலில் இதை இப்படிச் செய்யலாம்: ஒரே ஓர் அம்சம் மட்டும் வேறுபடும் ஒவ்வொரு இணையையும் எடுங்கள். சொற்களின் தொடக்கம் அல்லது முடிவு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திருந்தால் பிரித்து, ஒத்த துண்டைப் பொதுவான அம்சத்துக்கும், மிச்சத்தை மாறிய அம்சத்துக்கும் எழுதுங்கள். புதிய துண்டுகளை வைத்து மீதிச் சொற்களையும் பிரிக்க முடிகிறதா என்று மறுபடி ஓட்டுங்கள். புதிதாக எதுவும் பிரியாதபோது நிறுத்துங்கள். ஒரே துண்டுக்கு இரண்டு விளக்கம் கிடைத்தால் அதிகம் பேர் சாட்சி சொல்லும் விளக்கம் வெல்லட்டும்.

படி 4: பேசுபவன்

கற்பவன் வளர்ந்து பேசுபவன் ஆகிறான். ஒரு பொருளைக் காட்டினால் மூன்று வழிகளை இதே வரிசையில் முயல வேண்டும். நேரில் கேட்ட சொல் இருந்தால் அது. இல்லாவிட்டால் விதிகளை ஒட்டிச் செய்த சொல். அதுவும் இல்லாவிட்டால் புதிதாக உளறல்.

உளறினால் அதை அவனே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் ஒரே ஆள் ஒரே பொருளுக்குக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்வான், சங்கிலி முழுக்கச் சத்தம்தான் மிஞ்சும்.

படி 5: இடுக்கு

இப்போது 25 பொருள்களிலிருந்து சீட்டுக் குலுக்குவதுபோல் 50 முறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பேசுபவனைப் பேசவிட்டு, அடுத்தவனைக் கேட்கவிடுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். கர்பியின் மாதிரியிலும் 25 பொருள், 50 பேச்சுதான்.

25 பொருளுக்கு 50 முறை என்றால் எல்லாமே வந்துவிடும் போலத் தோன்றும். வராது. ஒரு குறிப்பிட்ட பொருள் ஒரு குலுக்கலில் வராமல் போக வாய்ப்பு 0.96. அதை 50 முறை பெருக்கினால் 0.13. அதாவது ஒவ்வொரு தலைமுறையிலும் சராசரியாக மூன்று பொருள்களின் சொற்கள் காதில் விழாமலேயே போகின்றன. இந்தக் குறுகலான வாசலைத்தான் இடுக்கு என்கிறேன். மொழி ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போக இதன் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். மாதிரி முழுவதும் ஓடுவது இந்த ஒரு கணக்கில்தான்.

ஒரு பகாப்பதம், அந்த 'சருதை', பிழைக்க வேண்டுமானால் ஒவ்வொரு தலைமுறையிலும் அதுவே காதில் விழ வேண்டும். வேறெதுவும் அதைக் காப்பாற்றாது. ஒரு தலைமுறை தாண்ட 0.87 வாய்ப்பு. பத்துத் தலைமுறை தாண்ட 0.25. முப்பது தலைமுறை தாண்ட ஒன்றரை சதவீதம்.

மறுபுறம் 'மிகா', சிவப்புக்கான துண்டு. அது ஐந்து சொற்களில் உட்கார்ந்திருக்கிறது. ஏதாவது ஒரு சிவப்புப் பொருள் வந்தாலே அது காதில் விழும். 50 குலுக்கலில் ஒரு சிவப்பும் வராமல் போக 0.8-ஐ 50 முறை பெருக்குங்கள்: ஏறத்தாழ எழுபதாயிரத்தில் ஒன்று. பிரிக்க இரண்டு முறையாவது கேட்க வேண்டும் என்று வைத்தாலும், அந்த வாய்ப்புத் தவறிப்போவது ஐயாயிரத்தில் ஒன்றுதான்.

ஒரு பக்கம் எட்டில் ஒன்று என்ற கணக்கில் செத்துக்கொண்டிருக்கும் முழுச் சொற்கள், மறு பக்கம் ஆயிரக்கணக்கான தலைமுறை அசையாமல் நிற்கும் துண்டுகள். காலியாகும் ஒவ்வொரு இடத்திலும் துண்டுகள் வந்து உட்காரும். பகுபதம் 'சிறந்தது' என்பதால் வெல்லவில்லை. அது பல வீடுகளில் குடியிருக்கிறது, ஒரு வீடு இடிந்தால் தெருவுக்கு வருவதில்லை.

எனவே உங்கள் முதல் சோதனை இதுவாக இருக்கட்டும்: கேட்கும் பேச்சுகளை 200 ஆக்குங்கள். 0.96-ஐ 200 முறை பெருக்கினால் பத்தாயிரத்தில் மூன்று. கிட்டத்தட்ட எல்லாச் சொற்களும் கேட்டுவிடும், மொழி மாற அவசரமே இல்லை, முதல் தலைமுறையின் உளறல் தலைமுறை தலைமுறையாக அப்படியே போகும். பிறகு 20 ஆக்குங்கள். இப்போது 25-இல் 11 பொருள்கள் விழுந்துபோகின்றன. துண்டுகள் முளைத்தாலும், ஊன்றும் முன் மண் சரிகிறது. தொடக்கத்தில் குழப்பம் நீளும். தாராளமாகக் கற்பித்தால் அமைப்பு வராது, மிகவும் கஞ்சத்தனமாகக் கற்பித்தாலும் சிரமம். நடுவில்தான் விளைச்சல்.

படி 6: சங்கிலியை ஓட்டுதல், அளத்தல்

ஒருவன் பேச, மற்றவன் கற்க, முன்னவன் விலக, பின்னவன் பேச. இதை 200 தலைமுறை ஓட்டுங்கள். ஒரே சங்கிலியை நம்பாதீர்கள். குறைந்தது முப்பது சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் கணினியின் குலுக்கல் தொடங்கும் எண்ணையும் குறித்து வைத்து. பார்க்க அழகாக வந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும்.

கண்ணால் பார்த்தாலே அமைப்புத் தெரியும் என்றாலும், ஓர் எண் வேண்டும். வழக்கமான அளவுகோல் இது: எல்லா 300 இணைகளுக்கும் இரண்டு தூரம் கணக்கிடுங்கள். பொருள் தூரம், அதாவது எத்தனை அம்சம் வேறு என்பது: 1 அல்லது 2. சொல் தூரம், அதாவது ஒன்றை மற்றதாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்பது. இரண்டு தூரங்களுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழுவை, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண்ணை எடுங்கள். கிட்டத்தட்ட 0 என்றால் பகாப்பத மொழி. மேலே ஏற ஏற, நெருங்கிய பொருளுக்கு நெருங்கிய சொல்.

அந்த எண் தற்செயலா என்று பார்க்க, சொற்களைப் பொருள்களுக்கு மாற்றி மாற்றி ஒட்டி ஆயிரம் முறை அதே கெழுவை எடுங்கள். உங்கள் உண்மையான எண் அந்த ஆயிரத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தாண்டினால் சரி. கூடவே எத்தனை வெவ்வேறு சொற்கள் மொழியில் உள்ளன என்பதையும் ஒவ்வொரு தலைமுறையிலும் எழுதுங்கள். இதை விட்டால் அடுத்த படியில் ஏமாந்து போவீர்கள்.

படி 7: எல்லாவற்றுக்கும் ஒரே சொல்

படி 4-இல், தெரியாத பொருளுக்கு 'உளறு' என்றேன். மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை. பெயர் தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பதன் பெயரைச் சொல்வோம். தெரியாத வண்டு எல்லாம் 'பூச்சி'. நிரலில் இந்த மாற்றத்தைச் செய்து பாருங்கள்: விதி இல்லாவிட்டால் மிக நெருங்கிய பொருளின் சொல்லை அப்படியே கடன் வாங்கட்டும். மொழி சுருங்கத் தொடங்கும். 25 சொல் பதினைந்தாகும், எட்டாகும், விட்டால் ஒன்றாகிவிடும். அந்த ஒற்றைச் சொல் மொழி கற்பதற்கு எவ்வளவு எளிது! பேசத்தான் உதவாது. (சொல் எல்லாம் ஒன்றானதும் ஒட்டுறவுக் கெழு சுழியால் வகுக்கப்பட்டு நிரல் முறைக்கும். பயப்பட வேண்டாம், அது உண்மையைத்தான் சொல்கிறது.)

இது கணினிக் கோளாறு அல்ல. கர்பி, ஹன்னா கார்னிஷ், கென்னி ஸ்மித் மூவரும் 2008-இல் மனிதர்களை வைத்தே இதைச் செய்து காட்டினார்கள். மூன்று வடிவம், மூன்று நிறம், மூன்று அசைவு, ஆக 27 படங்கள். ஒருவருக்கு 'வேற்றுக்கிரக மொழி' என்று சொல்லி 14 படங்களின் பெயர்களை மட்டும் கற்பித்து, 27-க்கும் பெயர் கேட்டார்கள். அவர் சொன்னதே அடுத்தவருக்குப் பாடம். தாம் ஒரு சங்கிலியின் கண்ணி என்று யாருக்கும் தெரியாது. பத்துத் தலைமுறை கழித்து ஒரு சங்கிலியில், பக்கவாட்டில் நகரும் எல்லாவற்றுக்கும், நிறம் வடிவம் எதுவானாலும், 'துகே' என்ற ஒரே பெயர்!

இரண்டாவது முறை ஒரு சின்ன வேலை செய்தார்கள். பாடத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும் முன், ஒரே பெயர் பல படங்களுக்கு இருந்தால் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கமுக்கமாக நீக்கினார்கள். இப்போது வந்த மொழிகளில் ஒன்றில் கருப்புப் பொருள்களின் பெயர்கள் 'ந்' ஒலியில் தொடங்கின, நீலம் 'ல்', சிவப்பு 'ர்'. கடைசியில் அசைவு: பக்கவாட்டுக்கு 'கி', துள்ளலுக்கு 'ப்ளோ', சுழலுக்கு 'பிலு'. யாரும் யாருக்கும் இலக்கணம் சொல்லித் தரவில்லை.

உங்கள் மாதிரியிலும் அதே வடிகட்டியை வைக்கலாம். எனக்கு அது கொஞ்சம் கைவைத்த வேலையாகத் தோன்றும். அதைவிட, பேசும் முன் தானே தன் சொல்லைக் கேட்டுப் பார்த்து, 'இதை யாராவது சொன்னால் நான் எந்தப் பொருள் என்று புரிந்துகொள்வேன்?' என்று பேசுபவன் சோதிக்கட்டும். வேறு பொருளாகப் புரிந்தால் அந்தச் சொல் வேண்டாம். நிரலில் நான்கைந்து வரி கூடும், ஆனால் நம் கை உள்ளே போகாது.

2015-இல் கர்பியும் கூட்டாளிகளும் இதை இன்னும் தெளிவாகப் பிரித்தார்கள். கற்றல் மட்டும் இருந்து பேச்சு இல்லாவிட்டால் மொழி 'துகே' ஆகிறது. அதே இரண்டு பேரே திரும்பத் திரும்பப் பேசி, புதிதாகக் கற்பவர் யாரும் வராவிட்டால் பகாப்பதமாகவே நிற்கிறது, அவர்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே. இரண்டும் சேர்ந்தால்தான் பகுபதம் வருகிறது. இரண்டு ஸ்விட்சுகளையும் உங்கள் நிரலில் தனித்தனியாகப் போட்டு நிறுத்திப் பாருங்கள். நான்கு சேர்க்கைகள், அவ்வளவுதான்.

படி 8: 'செத்தான்' ஏன் 'சாந்தான்' ஆகவில்லை?

இதுவரை எல்லாப் பொருளும் சம வாய்ப்பில் வந்தன. வாழ்க்கை அப்படி இல்லை. ஒரு பொருளுக்கு மட்டும் 20 சதவீத வாய்ப்புக் கொடுங்கள், மீதியை மற்ற 24-க்கும் பகிருங்கள். அந்தப் பொருள் 50 குலுக்கலில் ஒருமுறையும் வராமல் போகும் வாய்ப்பு? 0.8-ஐ 50 முறை பெருக்க வேண்டும். மேலே 'மிகா' துண்டுக்குப் போட்ட அதே கணக்கு, எழுபதாயிரத்தில் ஒன்று. அடிக்கடி புழங்கும் முழுச் சொல்லுக்குத் துண்டின் பாதுகாப்பே கிடைத்துவிடுகிறது. அது பகுபதமாக மாற வேண்டிய அவசியம் இல்லை.

கர்பியின் 2001 மாதிரியில் கிடைத்ததும் இதுதான்: அடிக்கடி வரும் பொருள்களுக்குக் குட்டையான, ஒழுங்கில் சேராத சொற்கள், அபூர்வமானவற்றுக்கு ஒழுங்கான நீளமான சொற்கள். நம் வாயிலேயே சாட்சி இருக்கிறது. வா, தா, சா, போ போன்ற தினசரி வினைகள்தாம் வந்தான், செத்தான், போனான் என்று ஆளுக்கொரு தினுசாக வளைகின்றன. நேற்று வந்த 'டவுன்லோடு' முரண்டு பிடிக்குமா? 'டவுன்லோடு பண்ணினான்' என்று ஒழுங்காக வரிசையில் நிற்கிறது.

படி 9: விடையை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?

மாதிரி வேலை செய்தால் சந்தோஷப்படலாம், ஆனால் ஒரு மணி நேரம் கழித்து இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். நம் மாதிரியில் இரண்டு இடங்களில் விடை முன்பே பதுங்கியிருக்கிறது.

ஒன்று, படி 1-இன் பொருள்கள். சோதிக்க, நிறமும் வடிவமும் இல்லாத, வெறும் 25 தனித்தனி எண்களைப் பொருளாகக் கொடுத்து ஓட்டுங்கள். அம்சமே இல்லாததால் ஒப்பிட எதுவும் இல்லை, பகுபதம் வராது. அப்படியானால் உலகத்தை அம்சங்களாகப் பார்க்கும் திறன் மொழிக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்று இந்த மாதிரி அனுமானிக்கிறது. நியாயமான அனுமானம்தான், ஆனால் அனுமானம்.

இரண்டு, கற்பவன். ஒற்றுமையைக் கண்டால் பிரி என்று நாம்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தோம். 2007-இல் கிரிஃபித்ஸ், கலிஷ் இருவரும் இதன் கூர்மையைக் காட்டினார்கள். கற்பவன் தன் முன்சாய்வையும் (எதையும் கேட்கும் முன்பே எந்த மாதிரி மொழியின் பக்கம் சாய்ந்திருக்கிறான் என்பது) கேட்ட தரவையும் எடைபோட்டு, எந்த மொழிக்கு எவ்வளவு வாய்ப்போ அந்த விகிதத்திலேயே ஒன்றைத் தேர்ந்தால், நீண்ட சங்கிலியின் முடிவில் தெரிவது அந்த முன்சாய்வு மட்டுமே. முதலில் எந்த மொழியோடு தொடங்கினோம் என்பதுகூட அழிந்துவிடும். ஆனால் அதே ஆண்டு கர்பி, டௌமன், கிரிஃபித்ஸ் மூவரும் இன்னொன்றைச் சொன்னார்கள்: கற்பவன் எப்போதும் அதிக வாய்ப்புள்ள மொழியையே தேர்ந்தால், துளியூண்டு சாய்வுகூடத் தலைமுறைகளில் பெருகிப் பெரிதாகிவிடும். ஆக மூளைக்குள் இலக்கணமே இருக்க வேண்டும் என்றில்லை. 'எளிதாக இருந்தால் நல்லது' என்ற லேசான சோம்பல் போதும். உங்கள் மாதிரியில் அந்தச் சோம்பலை ஒரு திருகாக வையுங்கள்: ஒற்றுமையைக் கண்டாலும் பத்தில் ஒருமுறை மட்டும் பிரிக்கட்டும். தாமதமாகிறதா, வராமலே போகிறதா என்று பாருங்கள். சுவாரஸ்யமான வரைபடம் அதுதான்.

நரம்பணு வலைகளை (தரவைப் பார்த்துத் தானே கற்கும் கணினி நிரல்களை) வைத்துச் செய்தால் இந்தப் பிரச்சினை தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது, இடம் மாறும். 2020-இல் ஷாபூனியும் கூட்டாளிகளும் இரண்டு வலைகளைப் பேசவிட்டுப் பார்த்தபோது, பகுபதமாக இல்லாத மொழியை வைத்துக்கொண்டே அவை புதிய பொருள்களைச் சமாளித்தன. ஆனால் பகுபதத் தன்மை கூடிய மொழிகளைப் புதிதாக வந்த வலைகள் எளிதில் கற்றன. மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம்: பகுபதம் உதவுவது பேசுபவருக்கு அல்ல, அடுத்துக் கற்க வருபவருக்கு.

படி 10: நிஜத்தோடு ஒப்பிடுதல்

மாதிரியின் கணிப்பு ஒன்றை எடுத்து நிஜ உலகில் தேடுங்கள். நம் கணிப்பு: முதல் தலைமுறை முழுதாகச் சொல்வதை, கேட்டுக் கற்கும் அடுத்த தலைமுறை பிரிக்கும்.

நிகராகுவாவில் 1970-களின் பிற்பகுதி வரை காது கேளாதோருக்குப் பொதுவான சைகை மொழி இல்லை. மனாகுவாவில் பள்ளி தொடங்கிக் குழந்தைகள் ஒன்றுகூடியதும் அவர்களுக்குள்ளேயே ஒரு மொழி முளைத்தது. ஆண்டுதோறும் வந்த சிறியவர்கள் பெரியவர்களிடமிருந்து அதைக் கற்றார்கள். நம் சங்கிலி அப்படியே, ஆனால் உயிரோடு.

ஆன் செங்காஸ், சோதாரோ கீதா, அஸ்லி ஓஸ்யூரெக் மூவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் அவர்களுக்கு ஒரு கார்ட்டூனைக் காட்டினார்கள். பூனை ஒன்று கனத்த பந்தை விழுங்கிவிட்டு, சரிவான தெருவில் தள்ளாடி உருண்டு இறங்கும். நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். ஸ்பானிஷ் பேசும், காது கேட்கும் நிகராகுவாக்காரர்கள் பேசிக்கொண்டே கையசைக்கும்போது, கை சுழன்றபடியே கீழே இறங்கியது. உருளலும் இறக்கமும் ஒரே அசைவு, நிஜத்தில் இருப்பதுபோலவே. பள்ளியின் முதல் தொகுதியில் கற்ற பெரியவர்களும் பெரும்பாலும் அப்படியே செய்தார்கள்.

பின்னால் வந்த சிறியவர்கள் பெரும்பாலும் அப்படிச் செய்யவில்லை. கையை ஓரிடத்தில் வைத்து முதலில் சுழற்றினார்கள். நிறுத்தினார்கள். அப்புறம் அதே கையைச் சரிவாகக் கீழே கொண்டுபோனார்கள்.